கட்டபெட்டிலிருந்து ஊட்டி கல்லூரிக்குத் தினமும் போய் வர எவ்வளவு ஆகும்?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் கட்டபெட்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் உள்ளே, கீழே இருக்கிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியலில் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு 17 வயசு. அம்மா தேயிலை பறிக்கப் போகிறார், அப்பா இல்லை. வீட்டிலிருந்தே போய் வரலாமா, ஊட்டியில் ரூம் எடுக்கலாமா? மாமா ஒரு பழைய ஸ்கூட்டர் பார்த்து வைத்திருக்கிறார், வாங்கிவிடலாமா?"

தம்பி, முதலில் ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாமா முன்பணம் கொடுப்பதற்குள் இதை நீ படிக்க வேண்டும். வேண்டாம். 17 வயதில் உனக்கு அந்த வண்டிக்கு லைசென்ஸ் கிடைக்காது. 16 வயதில் தருவது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்குத்தான், இன்று சந்தையில் கிடைக்கும் பழைய ஸ்கூட்டர் எதுவும் அதற்குள் வராது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 18 நிரம்பாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவருக்கோ வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. உன் அம்மா தலையில் அதை ஏற்றாதே. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் லைசென்ஸைத்தான் முதலில் கேட்பார்.

சரி, 18 ஆனதும் வாங்கலாமே என்றால், கணக்குப் போட்டுப் பார். ஒரு நாளைக்குப் போக வர 40 கிலோமீட்டருக்குக் குறையாது, மாசம் 22 நாள் வைத்தால் 880. நம் மேட்டில் பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு 40 கொடுத்தாலே பெரிய விஷயம். அப்படியே வைத்தாலும் 22 லிட்டர், பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டிவிட்டது, ஆக 2,200க்கு மேல். பிரேக் ஷூ, டயர், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. பணத்தைவிட எனக்குப் பயம் சாயங்காலத்தை நினைத்துத்தான். நீ காலையில் தொட்டபெட்டா ஜங்ஷன் வரை ஏறி, அங்கிருந்து ஊட்டிக்கு இறங்குவாய். திரும்பும்போது ஜங்ஷன் தாண்டியதிலிருந்து உன் ஊர் வரை பெரும்பாலும் இறக்கம்தான். கியர் வண்டியாக இருந்தால் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜின் பிடியிலேயே இறங்கலாம், நம் டிரைவர்கள் எல்லோரும் சொல்வதுதானே, ஏறின கியரிலேயே இறங்கு என்று. ஸ்கூட்டரில் அந்தப் பிடி மிகக் குறைவு. பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ஷூ சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். அதோடு பனிமூட்டம், ஈர ரோடு, நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்த அசதி. என்னோடு படித்தவன் ஒருவன் அப்படித்தான் ஒரு வளைவில் தேயிலைக்குள் போய் விழுந்தான். உயிர் பிழைத்தான், ஒரு செமஸ்டர் போனது.

இப்போது பஸ். உனக்குக் கைகொடுப்பது இதுதான். நம் மாவட்டத்தில் சமவெளி மாதிரி தனியார் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் போட்டி போட்டு ஓடாது. பெரிய பஸ் என்றால் அரசு பஸ்தான், பழையவர்கள் இன்னும் சேரன் பஸ் என்றே சொல்வார்கள். அரசுக் கல்லூரி மாணவன் என்பதால் உனக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாப்பிலிருந்து கல்லூரி ஸ்டாப் வரை சாதாரணப் பஸ்ஸில் போய் வரலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும், போட்டோவும் ஆதார் நகலும் கேட்பார்கள். இதில் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஏறும் இடம் என்று கேட்கிற கட்டத்தில் 'கோத்தகிரி' என்று எழுதிவிடுவார்கள், தாலுக்கா அதுதானே என்று. நீ கட்டபெட்டு என்று எழுத வேண்டும். உன் ஊருக்குள்ளேயே அரசு பஸ் ஒரு நடையாவது வருகிறது என்றால் கட்டபெட்டு என்றுகூட எழுதாதே, உன் ஊர்ப் பெயரையே எழுது. பாஸில் அச்சாவது அதுதான், பிறகு மாற்ற அலைய வேண்டும். அந்த இரண்டரைக் கிலோமீட்டர்தான் உனக்கு முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பாஸ் கைக்கு வரக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை அரசுக் கல்லூரி மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டிப் போகலாம் என்று வருஷா வருஷம் கல்லூரி திறக்கும் சமயத்தில் அறிவிப்பார்கள். ஆனால் முதல் வருஷக்காரனுக்கு அந்த அட்டையே உடனே கிடைக்காது. சேர்க்கை ரசீதையும், நீ அங்கே படிக்கிறாய் என்று கல்லூரியில் எழுதித் தரும் போனஃபைடு சான்றிதழையும் பையில் வைத்துக்கொள், முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு டிக்கெட் எடுக்கவும் காசு ஒதுக்கி வை. கண்டக்டரிடம் வாதம் செய்யாதே. அதே மனிதரோடுதான் மூன்று வருஷம் போகப் போகிறாய்.

தங்கையோ அக்காவோ இருந்தால் அவர்களுக்கு இது இன்னும் சுலபம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதமே தமிழ்நாட்டில் வந்தாலும் மலையில் நாம் வெளியேதான் நின்றோம், இங்கே ஓடுவது டவுன் பஸ் கணக்கில் வராததால். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். எல்லா வண்டியிலும் கிடையாது, சாதாரணக் கட்டண வண்டியில் மட்டும், முன் கண்ணாடியைப் பார்த்து ஏற வேண்டும்.

இப்போது அந்த இரண்டரைக் கிலோமீட்டர். என் அக்கா மகள் உன் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் ஊட்டிக்குப் படிக்கப் போகிறாள். பஸ்ஸில் அவள் காசே கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று அழுதாள். ஒரு மாசம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வை என்றேன். எழுதிக் கொண்டுவந்தாள், போக்குவரத்துக்கு மட்டும் 1,100 ரூபாய் சொச்சம். முழுக்க ஆட்டோ. சாயங்காலம் ஊருக்குள் போகும் வண்டியைத் தவறவிட்ட நாட்கள், காலையில் எழுந்திருக்க நேரமாகிக் கட்டபெட்டு வரை ஆட்டோ பிடித்த நாட்கள், ஊட்டியில் மழையில் சேரிங்கிராஸிலிருந்து கல்லூரி வரை நான்கு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்த நாட்கள். 20 கிலோமீட்டருக்கு மேல் இலவசமாகப் போகிறவளிடம் இருந்த காசையெல்லாம் இரண்டு பக்கத்துக் கடைசி இரண்டு கிலோமீட்டர் வாங்கிவிட்டது. இதை நான் எல்லாப் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். பஸ் கட்டணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். காசு கரைவது நேரம் தவறுவதில்.

அதனால் உன் திட்டத்தைச் சாயங்காலத்திலிருந்து பின்னோக்கிப் போடு. முதலில், கட்டபெட்டிலிருந்து உன் ஊருக்குப் போகும் கடைசி வண்டி, அது அரசு பஸ்ஸோ மினிபஸ்ஸோ, எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள். மினிபஸ்ஸில் உன் பாஸ் செல்லாது, காசு கொடுக்க வேண்டும், ஆனாலும் ஆட்டோவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. அந்த வண்டியைப் பிடிக்க ஊட்டியில் எந்தக் கோத்தகிரி பஸ்ஸில் ஏற வேண்டும், அதற்கு முந்தைய பஸ் எது என்று பார். முந்தையதைத்தான் உன் பஸ் என்று மனசில் வைத்துக்கொள். கடைசி பஸ்ஸை நம்பி எதையும் திட்டமிடாதே, அது பிரேக்டவுன் என்று ஒரு நாள் வராமல் நின்றால் போய்விட்டது. நேரத்தை ஸ்டாண்டில் எழுதிய பலகையைப் பார்த்து முடிவு செய்யாதே, அந்த வழியில் ஓடும் டிரைவர் கண்டக்டரிடம் கேள், டீக்கடையில் கேள். குன்னூர்–ஊட்டி மாதிரி நிமிஷத்துக்கு ஒன்று வரும் ரோடு இல்லை இது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நன்றாகவே நிற்க வேண்டியிருக்கும்.

ஏறும் இடத்தையும் யோசி. சாயங்காலம் பஸ் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி ஏடிசி, சேரிங்கிராஸ் என்று வரும். கல்லூரியிலிருந்து இறங்கினால் சேரிங்கிராஸ்தான் பக்கம், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், ஆனால் பஸ் அங்கே வரும்போது படிக்கட்டு வரை ஆள் நிற்கும், சில நாள் நிறுத்தாமலே போகும். நேரம் இருக்கிற நாளில் ஏடிசி வரை நடந்துவிடு. நான் 2008 முதல் 2011 வரை அப்படித்தான் செய்தேன். உட்கார இடம் கிடைத்தால் வீடு வந்து சேரும்போது படிக்கிற தெம்பு இருக்கும். நின்றுகொண்டே வளைவு வளைவாக வந்தவன் சாப்பிட்டதும் தூங்கத்தான் செய்வான்.

காலை நடையைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸையோ இரண்டாவதையோ பிடிக்க நீ இருட்டோடு கிளம்ப வேண்டியிருக்கும், குறிப்பாக டிசம்பர், ஜனவரியில். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை குறுக்கு வழிதான், பத்து நிமிஷம் மிச்சம்தான், ஆனால் அந்த நேரத்தில் காட்டுமாடு தேயிலைக்குள் படுத்திருக்கும், பனியில் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. கரடி நடமாட்டமும் நம் பக்கம் அதிகம். ரோட்டு வழியாகவே போ. தனியாகப் போகாதே. உன் ஊரிலிருந்து காலையில் பள்ளிக்கூடத்துக்கோ ஃபேக்டரிக்கோ போகிறவர்கள் யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்டு அவர்களோடு சேர்ந்துகொள். கையில் நல்ல டார்ச் இருக்கட்டும், போன் வெளிச்சம் போதாது, போன் சார்ஜ் சாயங்காலம் வீட்டுக்குத் தகவல் சொல்லத் தேவைப்படும். போகும்போது பேசிக்கொண்டே போங்கள், சத்தம் கேட்டால் காட்டுமாடு அதுபாட்டுக்கு விலகும். நீ படிக்கப் போவதே வனவிலங்கு உயிரியல், பின்னால் இதெல்லாம் வகுப்பிலேயே வரும், ஆனால் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது இது.

கல்லூரிப் பக்கம் நடையைப் பொறுத்தவரை, கல்லூரி இருப்பது ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில், வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் 1822இல் கட்டிய கல் பங்களா இருக்கிற அதே மேடு. சேரிங்கிராஸிலிருந்து எனக்கு 20 நிமிஷம் ஆகும். மேடு ஏறித்தான் ஆக வேண்டும், ஆட்டோ கேட்டால் இந்தத் தூரத்துக்கே நூறு கேட்பார்கள். நல்ல குடையோ மழைக்கோட்டோ முதல் மாசமே வாங்கிவிடு. மழைக்கோட்டு இல்லாததால் ஆட்டோ பிடித்த காசு என் அக்கா மகளுக்கு மழைக்கோட்டு விலையைத் தாண்டிவிட்டது. கிளாஸ் ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்பில் நடப்பவர்கள் உண்டு, ஈரத் தார் ரோட்டில் அது வழுக்கும், வேண்டாம்.

ரயிலைப் பற்றி நீ கேட்கவில்லை, உன் வழியில் ரயிலும் இல்லை. ஆனால் குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்திப் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 19 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நாளுக்குச் சில வண்டிதான், அதிலும் சுற்றுலாக்காரர்கள் கூட்டம். 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு அது முழுக்கச் சுற்றுலா வண்டியாகிவிட்டது. கல்லூரி மணிக்கு அதை நம்பக் கூடாது. பஸ்தான்.

ரூம் விஷயம். ஊட்டியில் இப்போது ரூம் எடுக்காதே என்றுதான் சொல்வேன். வாடகையைவிட அட்வான்ஸ் உன் அம்மாவைக் கடனாளி ஆக்கும். கேஸ், கரண்ட், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் கல்லூரிக்குக் கட்டும் பணம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். இன்னொன்று, சில வீட்டுக்காரர்கள் ஜூனில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு ஏப்ரல் வந்ததும் சுற்றுலா சீசனுக்கு வேண்டும், காலி செய் என்பார்கள். அப்போதுதான் உனக்குப் பரீட்சை இருக்கும்.

ரூமுக்குப் பதில் அரசு விடுதிக்கு விண்ணப்பம் போடு, சேர்ந்த வாரமே. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி என்று தனித்தனியாக இருந்ததற்கு 2025 முதல் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு விதி, பெண்களுக்கு அதுவும் கிடையாது. உனக்கு அது தாராளமாகப் பொருந்தும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வை. இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். கூடலூர், பந்தலூர், மஞ்சூர்ப் பிள்ளைகளுக்கு உன்னைவிட அவசரம் அதிகம், அவர்களால் தினமும் வரவே முடியாது, அதனால் முதல் வருஷம் உனக்குக் கிடைக்காமல் போகலாம். விண்ணப்பம் போட்டு வை, அடுத்த வருஷமும் போடு. அம்மாவைத் தனியாக விட மனசில்லை என்றால் அது வேறு விஷயம், அதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் அந்த ஆயிரம் ரூபாய். நீ ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், இல்லை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும். 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள், பெண்களுக்குப் புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. கல்லூரியிலேயே இதற்கென்று ஒரு ஆசிரியர் இருப்பார், அவரைத் தேடிப் பிடி. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்குப் பணம் வராமல் நிற்பது இந்த ஒரு காரணத்தால்தான். பள்ளியில் உதவித்தொகைக்கு எப்போதோ தொடங்கிய கணக்கு தூங்கிப் போயிருக்கும், பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் உயிர் கொடுத்துவிட்டு வா. இந்த ஆயிரத்தைப் பயணத்துக்கு என்றே வைத்துக்கொண்டால், மினிபஸ், எப்போதாவது ஒரு ஆட்டோ, மழைக்கோட்டு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அம்மாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

இரண்டு பருவத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்து வை. ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் நம்மைப் படுத்தும். 2009 நவம்பரில் நான் இரண்டாம் வருஷம். கேத்தி அச்சனக்கல் பக்கமெல்லாம் மண் சரிந்து எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்த மழை அது. நாங்கள் நாள்கணக்கில் வீட்டிலேயே கிடந்தோம். கலெக்டர் விடுமுறை அறிவித்தால் பிரச்சினை இல்லை, மழை விட்ட பிறகும் உன் ரோடு மட்டும் அடைந்து கிடந்து கல்லூரி நடக்கும் பார், அதுதான் சிக்கல். பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். அந்த நாட்களை மனசில் வைத்து மற்ற மாதங்களில் லீவு போடாமல் இரு. கோத்தகிரி ரோடு அடைந்தால் கட்டபெட்டிலிருந்து வண்டிச்சோலை வழியாகக் குன்னூர் போய் அங்கிருந்து ஊட்டி பஸ் பிடிக்கலாம். நேரமும் காசும் அதிகம், பாஸில் அந்த வழி இருக்காது, ஆனாலும் பரீட்சை நாளில் அது உன்னைக் காப்பாற்றும்.

இன்னொன்று ஏப்ரல், மே. சீசனில் மேலே வரும் வண்டியைக் குன்னூர் வழியாகவும் கீழே போகும் வண்டியைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விடுவார்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் ஒரு நாளைக்கு 6,000, சனி ஞாயிறில் 8,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அப்படியும் தொட்டபெட்டா ஜங்ஷனில் நிற்கும் வரிசையை நீயே பார்த்திருப்பாய். அந்த மாதத்தில் பரீட்சை என்றால் வழக்கமான பஸ்ஸுக்கு ஒரு பஸ் முன்னதாகப் போ, மதியப் பரீட்சை என்றாலும் காலையிலேயே போய் நூலகத்தில் உட்கார்ந்துகொள்.

உன் பாடத்தில் ஃபீல்டு வேலை வரும், முதுமலைப் பக்கம் கூட்டிப் போனால் திரும்ப இருட்டிவிடும். அதற்கு ஊட்டியிலேயே இருக்கும் ஒரு நண்பன் வீடு, காந்தலோ ஃபிங்கர்போஸ்டோ எங்கேயாவது, ராத்தங்க உனக்குத் தேவை. முதல் மாசத்திலேயே அப்படி ஒருவனைப் பழகிக்கொள், அவன் வீட்டாரிடம் அம்மாவைப் போனில் பேச வை. வருஷத்துக்கு நாலைந்து ராத்திரிதான் வரும்.

கல்லூரி திறப்பதற்கு முன் ஒரு வேலை நாளில், சனி ஞாயிறில் இல்லை, ஒருமுறை முழுசாகப் போய்ப் பார்த்துவிட்டு வா. காலையில் கிளம்பும் நேரத்துக்கே கிளம்பு, கல்லூரி வாசல் வரை நட, சாயங்காலம் நான்கு மணிக்கு அங்கிருந்து திரும்பு. எங்கே எத்தனை மணி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே வா. அம்மாவுக்கு அன்று வேலை இல்லை என்றால் அவரையும் கூட்டிப் போ, மகன் எங்கே ஏறி எங்கே இறங்குகிறான் என்று ஒருதடவை பார்த்துவிட்டால் நேரமாகிற நாளில் அவர் பயப்பட மாட்டார். கட்டபெட்டில் சாயங்காலம் உன் ஊர் மினிபஸ் டிரைவரிடம் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொள். ஊட்டி பஸ் கொஞ்சம் தாமதமானால் ஐந்து நிமிஷம் நிறுத்தி வைக்கக்கூடியவர் அவர்தான்.